ஒரு இரவுக்கான பற்றறி

எங்கள் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் எவரிடமும் பற்றறியைப் பற்றி மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போயிற்று. யாழ்ப்பாணத்தில் சண்டையால் வருடக்கணக்காகக் கறண்ட் இல்லாத காலத்தில் இளந்தாரிகளாக இருந்தவர்கள் இவர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டவர்கள். செத்துப்போன ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் உழைக்க வைத்தவர்கள். லொறிப் பற்றறியை முற்றத்தில் வைத்து ஊரையே கூட்டிப் படம் காட்டியவர்கள். அதனால் பற்றறி விஷயத்தில் ஆளாளுக்குப் பேராசிரியர். இந்தப் பேராசிரியர்களுக்கு நடுவில்தான் நாங்கள் ஒரு வானுக்குப் பற்றறி தேடினோம்.

வான் இவருடையது. இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பென்சன் எடுக்கும்வரை தூரத்து பஸ் ஓட்டியவர். பிறகு ஒரு பழைய வானை வாங்கி, கலியாண வீடு, செத்த வீடு, விமான நிலையம் என்று வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால், மானிப்பாயில் எங்கள் வீட்டு வாசலில் வானை நிறுத்தி, உள்ளே இருந்த சீற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே வைத்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன கோதாரிக்கு உதைக் கழட்டுறியள்?" என்று கேட்டேன்.

"படுக்கை அடிக்கப்போறன்."

"வீட்டிலை கட்டில் இல்லையோ?"

இவர் நிமிர்ந்து பார்த்தார். "எத்தினை வருசம் திருகோணமலைக்கு பஸ் ஓட்டினன். ஒருநாளும் கடலிலை கால் வைச்சதில்லையப்பா. போய் ஆக்களை இறக்கிறது, ஒரு தேத்தண்ணி, பேந்து ஏத்திக்கொண்டு திரும்பிறது. நிலாவெளியிலை ஒரு இரவு, வான் கதவைத் திறந்துவிட்டிட்டுக் கடலைப் பாத்துக்கொண்டு படுக்கவேணும். அவ்வளவுதான்."

"அதுக்கு அங்கை லொட்ஜ் இருக்குத்தானே."

"டிப்போ அறையளிலை மூட்டைப்பூச்சியோடை படுத்தது காணும். எனக்கு இனி அறை வேண்டாம்."

"ஊர் சிரிக்கப்போகுது. வீடு வாசல் இருக்கிற மனுசன் வானிலை குடியிருக்குது எண்டு."

"சிரிக்கட்டும். அவையளுக்கும் பொழுது போகவேணுமெல்லே."

இவருடன் கதைத்து வெல்ல முடியாது. பஸ்ஸில் சனத்தோடு கதைத்துக் கதைத்துப் பழகிய வாய். ஆனால் ஜன்னலுக்கு என்று என் பழைய சேலையைக் கிழித்துக் கம்பியில் தொங்கவிடுவதைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. மனையியல் படிப்பித்தவள் நான். ஏச்சும் பேச்சுமாகத் துணி வாங்கிவந்து, சுருக்கம் வைத்து, ஒழுங்கான திரை தைத்துக் கொடுத்தேன்.

படுக்கை முடிந்தது. திரை முடிந்தது. படுக்கையின் கீழே பற்றறிக்கென்று ஒரு பலகைப் பெட்டியும் அடித்து முடித்தார். ஒரு லைற்றும் ஒரு சின்ன மின்விசிறியும் ஓட்டுவதற்குத்தான் அந்தப் பற்றறி. எந்தக் கோதாரிப் பற்றறியைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் அதற்குக் காணும். அந்த நேரத்தில்தான் இவருடைய இருமல் வெறும் இருமல் இல்லை என்று தெரியவந்தது. சுவாசப்பைகள் இரண்டும் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டு வருகின்றனவாம். மருந்து அதைக் கொஞ்சம் பிந்தவைக்குமாம், நிறுத்தாதாம். டொக்டர் அதைச் சொன்னபோது இவர் தலையாட்டினார். நான் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டு இருந்தேன். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு ஒரு ஒட்சிசன் மெசின் வந்தது. கறண்டில் ஓடி, அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, ஒட்சிசனைப் பிரித்துக் குழாயால் மூக்குக்கு அனுப்புகிற பெட்டி. பழைய பிரிட்ஜ் மாதிரி உறுமும். படுக்கிற நேரமெல்லாம் கட்டாயம் போடவேண்டும் என்றார் டொக்டர். இனி வானும் வேண்டாம், நிலாவெளியும் வேண்டாம் என்று இவர் தானாகவே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. பிறகு ஒரு காலைநேரம் அளவு நாடாவை எடுத்து அந்த மெசினின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்துகொண்டு நின்றார். இந்த மனிதன் போகத்தான் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஆக, லைற்றுக்கும் மின்விசிறிக்கும் என்று இருந்த பற்றறி இப்போது இவரின் மூச்சுக்கு என்று ஆயிற்று. இரவு படுத்தால் விடியும்வரை அது நிற்கக் கூடாது. சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு போகலாமே என்று டொக்டரிடம் கேட்டேன். அவசரத்துக்குச் சின்னதாக ஒன்று வைத்திருங்கள், வெயிலில் நிற்கிற பூட்டிய வானுக்குள் அடுக்க வேண்டாம் என்றார். அப்படியென்றால் பற்றறியை விட்டால் கதி இல்லை.

என் தம்பி கொடிகாமம் சந்தையில் மரக்கறி ஏற்றுகிறவன், சொந்தமாக லொறி வைத்திருக்கிறான். அவன்தான் முதலில் வந்து குதித்தான்.

"அத்தான், உதுக்குப் போய் யோசிக்கிறியளே? என்ரை லொறிப் பற்றறியைப் போட்டுப் பாப்பம். அந்த நாளையிலை ஒரு லொறிப் பற்றறியிலை ரெண்டு படம் பாத்திட்டு, விடிய அதையே போட்டு லொறி ஸ்ராட் பண்ணினனாங்கள்."

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அண்ணை, "ரெண்டில்லையடா, மூண்டு படம்," என்று திருத்தினார்.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்தபின் பரிசோதனை. லொறிப் பற்றறியைப் படுக்கைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் இறக்கினார்கள். முதலில் நன்றாகச் சார்ஜ் ஏறட்டும் என்று சார்ஜரைக் கொழுவினான் தம்பி. இவர் மேலே ஏறிப் படுத்துத் தலையணையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் புளிப்பான ஒரு மணம் வந்து மூக்கைக் கரித்தது. பற்றறிக்குள் அமிலத் தண்ணீர் கொதிக்கிற மாதிரிக் குமிழி விடுகிறது. இவருக்கு இருமல் தொடங்கி நிற்கமாட்டேன் என்றது.

"விசரே உங்கள் எல்லாருக்கும்! மனுசன் மூச்சு விடேலாமல் கிடக்கு, கீழை அமிலத்தைக் காய்ச்சுறியளோ?" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பற்றறியைத் தூக்கி வெளியே வைத்து, வயரைக் கதவால் உள்ளே எடுத்து, கறண்டை மாற்றிக் கொடுக்கிற இன்வேட்டர் பெட்டியில் கொழுவி, மெசினைப் போட்டார்கள். உறுமிக்கொண்டு ஓடியது. தம்பி என்னைப் பார்த்து, "பாத்தியோ அக்கா!" என்றான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பின்நேரத் தேத்தண்ணீருக்கு நான் கேத்திலை அடுப்பில் வைக்கவுமில்லை, வாசலில் பீப் பீப் என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மெசின் நின்றுவிட்டது. இவர் மூக்கில் குழாயோடு வானின் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். நான் வீட்டுக்குள்ளிருந்து நீள வயரை இழுத்துக்கொண்டு வந்து மெசினில் செருகினேன்.

அடுத்த நாள் விடிய லொறி ஸ்ராட் ஆகவில்லை. கத்தரிக்காய் மூட்டைகள் சந்தைக்குப் போகாமல் கிடந்தன. அதற்குப் பிறகும் இவர்கள் யாரும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. "இப்பத்தைப் பற்றறியளிலை சரக்கில்லை, அந்த நாளையான் பற்றறி வேறை," என்றார் பக்கத்து வீட்டு அண்ணை. அந்த நாளில் பற்றறி ஒரு ரிவியைத்தான் இழுத்தது, ஒரு மனிதனின் சுவாசப்பையை இழுக்கவில்லை என்று அவருக்கு யார் சொல்வது?

பிறகு ரவுணுக்குப் போனோம். லொறிப் பற்றறி ஒரே உந்தலில் எஞ்சினைக் கிளப்பிவிடத்தான் உதவும், இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வெறுமையாவதற்கு வேறு சாதி வேண்டும், அதற்கு டீப் சைக்கிள் என்று பெயர் என்று அங்கேதான் அறிந்தோம். அந்தச் சாதிக்குள்ளும் எத்தனை பிரிவு! ஒரு கடையில் வீட்டுச் சோலருக்கு வைக்கிற உயரமான தண்ணீர்ப் பற்றறியைக் காட்டினார்கள். அதுவும் காஸ் விடும், வேண்டாம் என்றேன். அடுத்த கடையில் மூடி அடைத்த ஜெல் பற்றறி. மூன்றாவது கடையில் படத்தை மட்டும் காட்டி லித்தியம் என்றார்கள். ஒவ்வொருவரும் தன் கடையில் இருப்பதே உலகத்தில் திறமான சாமான் என்று சத்தியம் பண்ணாத குறை. இவர் வீட்டுக்கு வந்து யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் தன் வானுக்குப் பற்றறி பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அவன்ரை பற்றறி குளிருக்குச் சாகுதாம். எங்கடை வெய்யிலுக்குச் சாகும். சாகாத பற்றறி ஒருத்தரும் செய்யேல்லைப் போலை," என்பார். நான் சிரிக்கவில்லை.

கடைசியில் ஜெல் வாங்குவோம் என்று ஒருமாதிரி முடிவெடுத்த நேரத்தில் கனடாவிலிருந்து மகள் போனில் வந்தாள்.

"அப்பா, அங்கை ஒண்டும் வாங்காதேங்கோ. எல்லாம் டூப்ளிக்கேட். நான் லீவிலை வரேக்கை நல்ல லித்தியம் ஒண்டு கொண்டுவாறன்."

அத்தோடு தேடல் முடிந்தது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கொண்டுவாறன் என்று சொல்லிவிட்டால் இங்கே அந்தச் சாமானை ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். விட்டமின் குளிசை முதல் பிரஷர் குக்கர் வரை சூட்கேசுக்குள்ளால் வெளியே வந்தால்தான் அது சாமான். இவர் தெருவில் போகிறவனையும் மறித்து, "மகள் கனடாவிலையிருந்து பற்றறி கொண்டுவாறா," என்று சொன்னார். மகள் அதை வாங்கிப் படமும் அனுப்பினாள். கறுப்பு நிறம், சப்பாத்துப் பெட்டியிலும் கொஞ்சம் பெரிது. இவர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பிறகு கிடைத்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் மறுபடி தள்ளிப்போயிற்று. அவளைக் குறைசொல்ல ஏலாது, அவளுக்கும் அங்கே ஒரு சீவியம் இருக்கிறது. ஆனால் இங்கே இவரின் சுவாசப்பை யாருடைய லீவுக்கும் காத்திருக்கவில்லை. முதலில் படுக்கும்போது மட்டும் போட்ட குழாயைக் குளித்த பிறகும் போடவேண்டி வந்தது. பிறகு சாப்பிட்ட பிறகும். பிறகு கழற்றவே இல்லை. குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் இவருக்கு வீடு. குசினி வாசல்வரை வருவார், குழாய் இழுக்கும், நின்றுவிடுவார். வானைத் தம்பி வந்து இடைக்கிடை ஸ்ராட் பண்ணி வைப்பான். அந்தச் சத்தத்தை இவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எல்லார்மேலும் ஆத்திரம். யாரோடு சண்டை பிடிப்பது என்று தெரியாமல் ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். அவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

மகள் வந்து இறங்கிய அன்று வீடு நிறைந்த ஆட்கள். பற்றறியைப் பார்க்கவென்றே பக்கத்து வீட்டு அண்ணை ஷேர்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகள் தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். அவரின் தோளெலும்பு கையில் பட்டிருக்க வேண்டும், முகம் மாறிப்போயிற்று. சூட்கேசைத் திறந்தாள். சார்ஜர் இருந்தது. வயர்கள் இருந்தன. பற்றறி இருக்க வேண்டிய இடத்தில் சவர்க்காரக் கட்டிகளும் சொக்கிளேற் பைகளும்.

"கவுண்டரிலை வெளியிலை எடுக்கச் சொல்லிப்போட்டாங்கள் அம்மா. இவ்வளவு பெரிய லித்தியம் பிளேனிலை ஏத்தவே ஏலாதாம். எனக்குத் தெரியாதம்மா. நான் எவ்வளவோ கெஞ்சினன்." அவள் விம்மத் தொடங்கிவிட்டாள்.

பக்கத்து வீட்டு அண்ணை, "உடுப்புக்குள்ளை சுத்தி வைச்சிருக்கவேணும் பிள்ளை," என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் எழும்பிப் போய்விட்டார்.

இவர்தான் மகளின் தலையைத் தடவினார். "பிளேன் நெருப்புப் பத்தினால் எல்லாருக்கும் கரைச்சல்தானே பிள்ளை. சொக்கிளேற்றை எடு, தின்னுவம்."

அவள் நின்ற நாட்களில் பற்றறிப் பேச்சையே எடுக்க விடவில்லை. இந்த நிலைமையில் அப்பா எங்கே போகப்போகிறார், உங்களுக்கு என்ன விசரோ என்று என்னைப் பிடித்தாள். பிறகு குசினிக்குள் வந்து, "நான் அண்டைக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நீங்கள் இஞ்சையே வாங்கியிருப்பியள் என்னம்மா? அப்பா நிலாவெளிக்குப் போட்டு வந்திருப்பார் என்ன?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னால் அவள் உடைந்துபோவாள். இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாள். நான் வெங்காயத்தை வெட்டிக்கொண்டு நின்றேன். அவளைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. லீவு முடிந்து அவள் போனாள்.

அவள் போன கையோடு இவர் கேட்டார்: "இஞ்சேரும், கடைக்கு ஒருக்காப் போவமே?"

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. தம்பி வந்து வானை எடுத்தான். சின்னச் சிலிண்டரோடு இவரைக் கைத்தாங்கலாக ஏற்றி, தானே அடித்த படுக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். ஜெல் பற்றறி காட்டிய கடையின் முன் வானை நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்துவிட்டோம். இறங்கி உள்ளே போக இவரால் முடியாது. கடைக்காரர் வெளியே வந்து கதவடியில் நின்றார்.

"எது தம்பி நல்லது? உள்ளதைச் சொல்லுங்கோ," என்றேன்.

"அன்ரி, உள்ளதைச் சொன்னால் லித்தியம்தான். இப்ப நாங்களும் எடுக்கிறம். போட்டால் பத்து வருசத்துக்கு யோசிக்கத் தேவையில்லை. ஆனால் கொழும்பிலையிருந்து வரவேணும். சாமான் கப்பலிலை பிந்துது. ரெண்டு மாசமோ மூண்டு மாசமோ, சொல்லேலாது."

"இப்ப என்ன இருக்கு?" இவர் உள்ளே இருந்து கேட்டார்.

"ஜெல் இருக்கு அங்கிள். ரெண்டைச் சேத்துப் போட்டால் உங்கடை மெசின் ஒரு இரவு தாங்கும். மணமில்லை, காஸில்லை. ஆனால் நெடுக அப்பிடி அடிவரைக்கும் இறக்கினால் கெதியாப் பழுதாப்போம்."

"நெடுக ஆர் போறது? எனக்கு ஒரு இரவு காணும் தம்பி."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "லித்தியத்துக்கு ஓடர் போடுங்கோ," என்றேன் கடைக்காரரிடம். "வாங்கிறதை ஒருக்காத் திறமானதா வாங்கவேணும். பத்து வருசம் எண்டால் பத்து வருசம் இருக்கட்டும்."

பத்து வருடம் என்ற சொல்லைக் கேட்டதும் அதைப் பிடித்துக்கொண்டேன், விட மனம் வரவில்லை. மற்றதை வாங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? இவர் எதிர்த்துக் கதைப்பார், நான் திருப்பிக் கொடுப்பேன், நடுத்தெருவில் ஒரு சண்டை நடக்கும் என்றுதான் நின்றேன். அப்படி ஒரு சண்டை எனக்குத் தேவையாகவும் இருந்தது. இவர் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரியப்பா. உம்மடை விருப்பம்."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு கறிக்கு உப்புப் போடுகிற விஷயத்தில்கூட என் விருப்பம் என்று விட்டுக்கொடுக்காத மனிதன். கோபத்தில் சொல்லவில்லை. நான் அழுதுவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னார். தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. தம்பி ஸ்ரேறிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தான். கடைக்காரர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மூன்று ஆண்களில் ஒருவராவது எனக்காக இதைச் சொல்லித் தொலைக்கமாட்டார்களா என்று இருந்தது.

"இருக்கிறதையே தாங்கோ தம்பி," என்றேன். "ரெண்டு ஜெல்."

இவர் கண்ணை மூடித் திறந்தார், அவ்வளவுதான். தம்பியும் கடைக்காரருமாகப் பற்றறிகளைத் தூக்கிவந்து பெட்டிக்குள் இறக்கினார்கள். பொருந்தியது. கடைக்காரர் உள்ளே போய் ஒரு மஞ்சள் அட்டையையும் பேனையையும் எடுத்துவந்தார்.

"ஒரு வருசக் கறண்ரி இருக்கு அங்கிள். அதுக்குள்ளை பழுதானால் இந்தக் காட்டைக் கொண்டுவாங்கோ, மாத்தித் தருவம். ஆற்றை பேரிலை எழுத? அங்கிளின்ரை பேர் என்ன?"

"அவவின்ரை பேரிலை எழுதுங்கோ," என்றார் இவர்.

"வானும் உங்கடை, மெசினும் உங்கடை, பேர் மட்டும் என்னத்துக்கு என்ரை?" என்று சீறினேன்.

இவர் மூச்சை எடுத்து முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

"ஒரு வருசத்துக்குள்ளை பழுதாப்போனால் ஆரப்பா கொண்டுவாறது? நீர்தானே."

கடைக்காரர் பேனையை அட்டையில் வைத்தபடி காத்திருந்தார். நான் என் பெயரைச் சொன்னேன்.